முன்பக்கம் தெரியாத படகு

பயம் வந்தால் சிலர் ஓடுவார்கள். சிலர் மயங்கி விழுவார்கள். நான் வாக்குமூலம் கொடுப்பேன்.

இது எனக்கு மட்டும் வந்த வியாதி என்று சொல்லமாட்டேன். திருகோணமலையில் யுத்தத்துக்குள் வளர்ந்த என் வயதுக்காரர் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. சீருடையைக் கண்டதும் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் அடையாள அட்டையை எடுத்துவிடும். ஒருமுறை என் கை அதைப் பஸ் கொண்டக்டரிடமே நீட்டியது. (நல்ல மனிதர். வாங்கிப் பார்த்து, "படத்திலை தலைமயிர் இப்பத்தையிலும் கூட இருக்கு" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.) மற்றவர்களுக்கு அந்த வியாதி கையோடு நின்றுவிடும். எனக்கு அது நாக்கு வரை ஏறும். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லத் தொடங்குவேன். என் மைத்துனன் சுதனின் பிழைப்பில் மண் விழப் பார்த்தது இந்த நாக்கால்தான். ஆனால் நாக்குக்கு முன்னால் ஒரு தூரிகை இருந்தது. அதிலிருந்து சொல்கிறேன்.

சுதன் என் மனைவி ரஞ்சியின் தம்பி. கட்டாரில் வெயிலில் காய்ந்து உழைத்ததையெல்லாம் கொண்டுவந்து ஒரு ஃபைபர் படகில் போட்டவன். வெளிநாட்டுக்காரர்களையும் கொழும்புக்காரர்களையும் ஏற்றிக்கொண்டுபோய் டொல்பினும் திமிங்கிலமும் காட்டுவது அவன் தொழில். தொழில் என்பதைவிட, காலையிலிருந்து கடற்கரையில் நின்று "போட் வேணுமோ, போட்" என்று தொண்டை கிழியக் கூவுவது என்று சொன்னால் சரியாக இருக்கும். சில வருஷங்களுக்கு முன்னர், பருவம் தொடங்குகிற நேரத்தில் அவனுக்கு ஒரு விடிவு வந்தது. உப்புவெளிப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலின் மனேஜர், தங்கள் விருந்தினருக்கென்று ஒரே ஒரு படகைப் பருவம் முழுவதற்கும் பேசிக்கொள்ள விரும்பினார். திங்கட்கிழமை காலை வந்து படகைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் சுதன் இனிக் கூவத் தேவையில்லை. பிடிக்காவிட்டால் பழைய தொண்டை, பழைய கடற்கரை. போதாதற்கு அவன் மனைவி வயிற்றில் பிள்ளையோடு இருந்தாள்.

அந்த வாரம் பார்த்து மட்டக்களப்பில் அவன் மச்சாளுக்குக் கலியாணம். போக முதல் என்னிடம் வந்தான்.

"அத்தான், பழைய பெயின்ரைச் சுரண்டி அண்டர்கோட்டும் அடிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் நீலத்தை மட்டும் அடிச்சு விட்டாக் காணும். மேலை ஒரு வெள்ளைக் கோடு. படகுப் பதிவிலையும் நீலம் எண்டுதான் கிடக்கு. வேறை ஒண்டும் வேண்டாம்."

"வேறை என்ன அடிக்கப்போறன்?"

"வேறை ஒண்டும் வேண்டாம் அத்தான்," என்று இரண்டாந்தரமும் சொன்னான். அவன் என்னை அறிந்தவன்.

நான் ஓர் அலுவலகத்தில் கிளாக்கர். ஆனால் உள்ளுக்குள் ஓவியன். கோயில் திருவிழாப் பந்தலுக்கு நான் ஒருதரம் யானை வரைந்தேன். அதைப் பார்த்து ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. அவ்வளவு தத்ரூபம் என்று நான் நினைத்தேன். அது யானை என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதைப் பிறகு ரஞ்சி சொல்லித்தான் அறிந்தேன். இப்படிப்பட்ட கலைஞன் கையில் ஒரு முழுப் படகையும் கொடுத்து, நீலம் மட்டும் அடி என்றால் நடக்கிற காரியமா?

நீல டின்னைத் திறப்பதற்கு முதல்நாள், தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். உலக யுத்தக் காலத்தில் கப்பல்களுக்குப் போட்ட உருமறைப்புப் பற்றியது. சும்மா பச்சை மண்ணிறத் திட்டுகள் இல்லை. கப்பல் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாக வளைந்தும் முறிந்தும் குறுக்கே பாயும் பட்டைகள். வரிக்குதிரையை உடைத்துத் திரும்ப ஒட்டிய மாதிரி. ஏன் அப்படி என்றால், நடுக்கடலில் கப்பலை மறைக்க ஏலாது. ஆகவே மறைக்காமல் குழப்பு என்பதுதான் திட்டம். நீர்மூழ்கிக்குள் இருந்து டோர்பிடோ விடப் பார்க்கிறவனுக்குக் கப்பல் தெரியும், ஆனால் அது வருகிறதா போகிறதா, எந்தப் பக்கம் தலை, என்ன வேகம் என்று பிடிபடாது. பின்பக்கத்தில் பொய்யாக ஒரு முன்பக்கம்கூட வரைந்துவிடுவார்களாம். அதே வீடியோவில் விடியற்காலை வெளிச்சத்தில் கரைந்துபோகட்டும் என்று ரோஸ் நிறம் பூசிய கப்பல் வந்தது. மேலிருந்து பார்த்தால் கடல், கீழிருந்து பார்த்தால் வானம் என்று இரண்டு நிறம் பூசிய விமானம் வந்தது. மரக்கிளைகளை வெட்டி மேலெல்லாம் குத்திக்கொண்டு, தீவு மாதிரி நடித்துத் தப்பிய கப்பல் ஒன்றும் வந்தது. எனக்கு நித்திரை வரவில்லை. இந்தத் துறைமுகத்தைப் பார்த்தபடி இவ்வளவு வருஷம் இருந்திருக்கிறேன், எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லையே என்று மனம் அடித்துக்கொண்டது.

வெளிநாட்டு விருந்தினர் இப்படி ஒரு படகைக் கண்டால் என்ன செய்வார்கள்? ஓடிவந்து ஏறுவார்கள். மனேஜர் என்ன செய்வார்? சுதனைக் கட்டிப்பிடிப்பார். சுதன்? அத்தான் என்று காலில் விழுவான். (இந்த ஒழுங்கில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை.)

சனிக்கிழமை உட்துறைமுகக் கரையில், வள்ளங்களை ஏற்றி வைக்கிற இடத்தில் வேலையைத் தொடங்கினேன். வெள்ளையை அடித்தேன். கையிலிருந்து செலவழித்து வாங்கிய கறுப்பை, இடியப்பத்துக்குச் சொதி விட்ட மாதிரித் தாராளமாக ஊற்றி அடித்தேன். பட்டை, கோணல், முறிவு, வளைவு. பின்பக்கத்தில் ஒரு பொய் முன்பக்கம். அதற்கு முன்னால் தண்ணீரைக் கிழிக்கிற மாதிரி ஒரு பொய் நுரை. ஊருக்குள் திரிகிற மான் ஒன்று வந்து கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வந்த வழியே போகாமல் சுற்றிக்கொண்டு வேறு வழியால் போனது. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

தேத்தண்ணியோடு வந்த ரஞ்சி, போத்தலைக் கீழே வைக்காமல் நின்றாள்.

"இதென்னது இது?"

"எப்பிடி?"

"எனக்குத் தலையைச் சுத்துது. எது முன்பக்கம்?"

"அதுதானப்பா இதின்ரை வெற்றி."

"சுதன் நீலமெல்லோ அடிக்கச் சொன்னவன்?"

"சேர்ப்ரைஸ்."

அவள் போத்தலை மணலில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை பொன்னையா மாஸ்டர் வந்தார். பக்கத்து ஒழுங்கையில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியர், கடற்கரைக்கு நடக்க வருகிறவர். படகைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருதரம் நடந்தார்.

"என்ன தம்பி இது, வரி வரியா?"

"உருமறைப்பு மாஸ்டர். யுத்தக் கப்பலுக்கு அடிக்கிறது."

அவர் குரலைத் தாழ்த்தினார். கரையில் எங்களைத் தவிர ஒரு காகம்தான் இருந்தது.

"உந்த மாதிரி உடுப்பு வைச்சிருந்தாலே முந்தி ஆமிக்காரர் பிடிக்கிறவங்கள். நீர் வள்ளத்துக்கே போட்டு விட்டிருக்கிறீர். அதுவும் வரி. வேறை டிசைன் ஒண்டும் கிடைக்கேல்லையோ உமக்கு?"

இயக்கத்தின் சீருடை வரி என்பதால், எங்கள் ஊரில் வரிபோட்ட துணி வீட்டில் இருந்தாலே அடுப்பில் வைத்து எரித்துவிடுகிற யுத்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் வளர்ந்த ஆள் நான். அது எப்படி இரண்டு நாளாக என் மண்டைக்குள் வராமல் போனது என்று இன்றைக்கும் தெரியாது. மாஸ்டர் நடையைத் தொடர்ந்தார். நான் மணலில் குந்திவிட்டேன்.

அதன்பிறகு என் மூளை ஓடிய வேகத்தில் ஓடியிருந்தால் ஒலிம்பிக்கில் ஏதாவது கிடைத்திருக்கும். முதலில் நீலத்தை எடுத்து மேலே அடித்தேன். கறுப்பு காயவில்லை. நீலமும் கறுப்பும் வெள்ளையும் குழைந்து ஒரு சாம்பல் நிறம் வந்தது. தள்ளி நின்று பார்த்தேன். அசல் போர்க்கப்பல் நிறம். வரியோடு விட்டிருந்தால் விசாரணை மட்டும்தான், இப்போது கடற்படைப் படகைத் திருடியதாகவும் சொல்லலாம். பாதியில் நிறுத்தினேன். பாதிப் படகு சாம்பல், பாதிப் படகு வரி. வேறு பெயின்ற் வாங்க ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.

ஒரே வழி, மறைப்பது. உருமறைப்புப் படகை மறைக்க இடம் தேடித் திரிந்த மனிதன் உலக யுத்த சரித்திரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கிண்ணியாப் பக்கம் சதுப்பில் நிற்கிற கண்டல் காட்டுக்குள் விட்டுவிட்டால், கறுப்பு காய்ந்தபிறகு, பின்னேரம் சுதன் வந்ததும் இரண்டு பேருமாக அங்கேயே மிச்ச நீலத்தை அடித்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். அதுவரை துறைமுகத்தைக் கடக்க வேண்டுமே? தீவு மாதிரி நடித்துத் தப்பிய கப்பல் ஞாபகம் வந்தது. தென்னோலை வெட்டினேன். கரையில் படர்ந்த அடம்பன் கொடியை அறுத்து, ஓலைகளைப் படகோடு வரிந்து கட்டினேன். என் தலைக்கும் இரண்டு ஓலை.

படகைத் தண்ணீரில் இறக்க, வலை காயவைத்துக்கொண்டிருந்த நாலைந்து பேரைக் கூப்பிட்டேன். வந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்தார்களாம். தள்ளத் தொடங்கினார்கள். படகு அசையவில்லை. பார்த்தால் பாதிப்பேர் முன்னிருந்து பின்னுக்கும், பாதிப்பேர் பின்னிருந்து முன்னுக்கும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, எது தலைமாடு, எது கால்மாடு எண்டு சொல்லிப்போட்டுத் தள்ளச் சொல்லுங்கோ," என்றான் ஒருவன், மூச்சு வாங்கிக்கொண்டு.

எனக்கு எஞ்சினை ஓட்டத் தெரியும், நிற்பாட்டவும் தெரியும். இடையில் நடப்பதெல்லாம் கடவுள் செயல். மத்தியானச் சாப்பாட்டு நேரம், துறைமுகம் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஓலைப் பற்றை ஒன்று எஞ்சின் சத்தத்தோடு நடுத்துறைமுகத்தைக் கடந்துகொண்டிருந்தது.

எதிரே ஒரு மீன்பிடி வள்ளம் வந்தது. நிசாம் நானா. கிண்ணியாக்காரர், சுதனுக்கும் நல்ல பழக்கம். நான் இடப்பக்கம் ஒதுங்கினேன், அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். நான் வலப்பக்கம் போனேன், அவரும் வந்தார். கடைசியில் அவர் வள்ளத்தை அப்படியே திருப்பி நிற்பாட்டி எழும்பி நின்றார்.

"ஆரு அது? வாறதா போறதா?"

"போறன் நானா."

"போறதெண்டா ஏன் என்னப் பாத்து வாற?"

"வரேல்லை, போறன்."

"நுரை பின்னால அடிக்குது, ஓலை முன்னால பறக்குது. தம்பி, நீங்க என்ன செய்றீங்கண்டு உங்களுக்காவது தெரியுமா?"

தெரியாது என்பதுதான் உண்மையான பதில். சொல்வதற்கிடையில் எஞ்சின் ஒரு இருமல் இருமி நின்றது. கட்டியிருந்த அடம்பன் கொடி அவிழ்ந்து தண்ணீருக்குள் போய், எஞ்சின் சுழலியில் சவரித் தலைமயிர் மாதிரிச் சுற்றிக்கொண்டுவிட்டது. இழுத்துப் பார்த்தேன், ஏலாது. நானாவின் வள்ளத்தில் ஈரவலை குவிந்திருந்தது, அவராலும் என்னை இழுக்க முடியாது.

"நில்லுங்க, வாறன்," என்று சொல்லிவிட்டு அவர் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று பார்த்தேன். தூரத்தில் ரோந்து போய்க்கொண்டிருந்த கடற்படைப் படகுக்குக் கிட்டப் போனார். என் பக்கம் கையை நீட்டிக் காட்டினார். அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

காட்டிக்கொடுத்துவிட்டாரே மனிதர் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். சுதன் சிறையில் இருக்க அவன் பிள்ளை பிறப்பதையும், அந்தப் பிள்ளைக்கு நான் என்ன சொல்லி விளங்கப்படுத்துவது என்பதையும் நினைத்தேன். ரஞ்சி எனக்குச் சோறு கொண்டுவருவாளா என்று நினைத்தேன். கொண்டுவரமாட்டாள் என்று தெரிந்தது. கடற்படைப் படகு கிட்ட வந்தது. என் கை அடையாள அட்டையைத் தேடிப் போய், உடம்பில் சாரம் மட்டும்தான், அதில் ஏது சட்டைப்பை என்று விளங்கி, மேலே எழும்பியது. மற்றக் கையும் கூடவே எழும்பியது.

ஓர் இளம் சிப்பாய், மீசை சரியாக முளைக்காத முகம். அவன் கையில் இருந்தது கயிறு. அதை நான் பார்க்கவில்லை.

"அங்கிள், பயப்பட வேணாம்..."

"தம்பி, நான் எல்லாத்தையும் சொல்லுறன்," என்றேன். "இது உருமறைப்புத்தான். நான் மறைக்கேல்லை. யுத்தத்திலை பாவிச்ச டிசைன். ஆனா இது ஒளிக்கிற சாமான் இல்லை. எல்லாருக்கும் தெரியும். குறி தப்பப் பண்ணுறதுக்கு மட்டும்தான்."

"குறியா? யாரு சுடுறது அங்கிள்?"

"டோர்பிடோ," என்றேன்.

படகின் பின்னால் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மற்றச் சிப்பாய் சிரிப்பதை நிறுத்தினான்.

நான் நிறுத்தவில்லை. வரி என்னுடைய யோசனைதான், சுதனுக்குத் தெரியாது என்றேன். சாம்பல் நிறம் தற்செயல், கடற்படையைப் பார்த்துக் கொப்பி அடிக்கவில்லை என்றேன். கண்டல் காட்டில் ஆயுதம் ஒன்றும் இல்லை என்றேன். (யாராவது இருக்கிறது என்று சொன்னார்களா?) தலையில் இருந்த ஓலை இரண்டையும் கழற்றி ஒப்படைத்தேன்.

இளம் சிப்பாய் கயிற்றைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் வந்தது கோபம் இல்லை, பெரிய அலுப்பு.

"அங்கிள், எஞ்சின் நின்றுட்டது எண்டு அவர் சொன்னார். நாங்க கயிறு குடுக்கத்தான் வந்தது. இப்ப நீங்க இவ்வளவு சொன்னபடியா, நான் பெரியவருக்குச் சொல்லத்தானே வேணும்."

கயிற்றைக் கட்டி இழுத்துப் போனார்கள். இறங்குதுறையில் படகைக் கட்டிவிட்டு, மேலதிகாரி வந்து பார்க்கும்வரை படகு அங்கேயே நிற்கட்டும் என்றார்கள். எனக்கு ஒரு கதிரையும் தண்ணீரும் தந்தார்கள். அந்த மரியாதை என் பயத்தை இன்னும் கூட்டியது.

பின்னேரம் சுதன் வந்தான். நிசாம் நானா தொலைபேசியில் சொல்ல, பஸ்ஸால் இறங்கி நேரே வந்திருந்தான். கலியாண வேட்டி, கையில் பலகாரப் பை. நான் ஒரு பகிடி விட்டுப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவன் படகைப் பார்த்தபடி நின்றான். சாம்பல், வரி, பாதி உரிந்த ஓலை, பெயின்றில் ஒட்டிக் காய்ந்த இலைகள். கட்டாரில் அவன் வாங்கிய வெயில் அத்தனையும் அங்கே கட்டிப்போட்டுக் கிடந்தது.

"நாளைக்குக் காலமை மனேஜர் வாறார் அத்தான்," என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பலகாரப் பையை என் மடியில் வைத்துவிட்டு, இறங்குதுறை விளிம்பில் தலையைக் கையில் தாங்கி இருந்தான். நான் ஒரு லட்டுக்கூட எடுக்கவில்லை.

மேலதிகாரி வந்தார். தலையை ஒருபக்கம் சரித்துப் பார்த்தார், மறுபக்கம் சரித்துப் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்க, இளம் சிப்பாய் மொழிபெயர்த்தான்.

"ஏன் இப்பிடி ஒளிச்சீங்க எண்டு சேர் கேக்கிறார்."

"ஒளிக்கிறதுக்கு அடிச்ச பெயின்ற் இல்லை தம்பி. பெயின்றை ஒளிக்கத்தான் ஓலை."

சிப்பாய் அதைச் சிங்களத்தில் தொடங்கினான், நடுவில் நின்றான், திரும்பத் தொடங்கினான், கைவிட்டான். அதிகாரி, சுதன் தொலைபேசியில் வைத்திருந்த படகுப் பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நீலம் என்று இருந்தது. நீலத்தை அடித்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள், இவரை லைஃப் ஜக்கெற் இல்லாமல் கடலில் விடவேண்டாம் என்றார். அவ்வளவுதான் குற்றப்பத்திரிகை. நாலு சொல்லில் முடிகிற காரியத்துக்கு நான் ஒரு யுத்தத்தையே ஒப்புக்கொண்டிருந்தேன்.

படகைக் கரைக்குக் கொண்டுவந்தோம். சுதன் பெயின்ற் கடைக்காரரை வீட்டில் போய்ப் பிடித்துக் கடையைத் திறப்பித்தான். ரஞ்சி, சுதனின் மனைவி, வலைக்காரர்கள், பொன்னையா மாஸ்டர்கூட வந்தார்கள். எல்லோருமாகத் துடைத்து, சுரண்டி, விடியும்போது நீலம் அடித்து முடித்தார்கள். நானும் ஒரு தூரிகையை எடுத்தேன். ரஞ்சி அதை என் கையிலிருந்து வாங்கினாள்.

மனேஜர் சொன்ன நேரத்துக்கே வந்தார். சுத்தமான வெள்ளைச் சட்டை. ஈர நீலத்தைத் தொடாமல் படகைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், லைஃப் ஜக்கெற்றுகளைப் பார்த்தார். திருப்திதான். பிறகு சுதனைத் தள்ளிக்கொண்டுபோய் மெதுவாகக் கேட்டார். எனக்குக் கேட்கிற அளவு மெதுவாக.

"நேற்று நேவிக்காரரிட்டைத் தானாப் போய்ச் சரணடைஞ்ச ஆள் ஒருத்தர் எண்டு மீன்கடையிலை கதைச்சினம். அவர் உங்கடை ஆளோ?"

நிசாம் நானா மனேஜருக்கு முதலே காலைச் சந்தைக்குப் போய்க் கதையைச் சொல்லியிருந்தார்.

"ஓம். அத்தான்."

"போட்டிலை வருவாரோ? எங்கடை கெஸ்ற் எல்லாம் வயசானவை. பயந்திடுவினம்."

சுதன் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அங்கே நீலப் பெயின்ற் சொட்டுகள் கிடந்தன.

"ஏறமாட்டார் சேர்," என்றான் சுதன். "நான் பொறுப்பு."

கை குலுக்கினார்கள். அந்தப் பருவமும், அதற்குப் பிறகு வந்த பருவங்களும் அந்தக் கைகுலுக்கலால்தான். சுதன் இப்போது கூவுவதில்லை. சொன்ன சொல்லையும் அவன் மீறவில்லை. ஹோட்டல் விருந்தினர் ஏறாத நாளிலும் மீறவில்லை.

கனடாவிலிருந்து உறவினர் வந்தால் எல்லோரும் அதிகாலையில் திமிங்கிலம் பார்க்கப் போவார்கள். ரஞ்சியும் போவாள். நான் கரையில் இருப்பேன். என்னைச் சுற்றி எல்லோருடைய செருப்புகளும், கைப்பைகளும், ஒரு குழந்தையின் பால்போத்தலும். திருகோணமலையில் பிறந்து வளர்ந்து ஒரு திமிங்கிலமும் பார்க்காத ஆள் நான். செருப்பு கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன்.

போனமுறை ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு சின்னவள், படகு நகரும்போது எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சுதன் மாமா, கரையிலை நிக்கிற பெரிய மாமா வரேல்லையோ?"

சுதன் எஞ்சினை இழுத்துவிட்டு, எனக்குக் கேட்கவேண்டும் என்றே உரத்துச் சொன்னான்.

"அவர் வாறாரோ போறாரோ எண்டு நேவிக்கே தெரியாது பிள்ளை. நீ வடிவாப் பிடிச்சுக்கொண்டு இரு."

படகு முழுவதும் சிரித்தது. ரஞ்சிதான் எல்லாரிலும் கூடச் சிரித்தாள். நான் பால்போத்தலை நிழலுக்கு நகர்த்தி வைத்தேன்.